நாளை மறந்த கணினி: ஒரு மேம்படுத்தலின் நிகழ்வு ஆய்வு

பெரியப்பா கேட்டது மிக எளிமையானது. “கணினி நகர மாட்டேன் என்கிறது. வங்கித் தளமும் திறக்கவில்லை. புதிய விண்டோஸ் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போ, தம்பி” என்றார். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளில் புதிய இயங்குதளத்தை நிறுவப் பிடித்த நேரம் இருபது நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் எங்கே போயிற்று என்பதை எழுதி வைக்கவே இந்தக் குறிப்பு. பழைய மேசைக் கணினியை வைத்துக்கொண்டு இதே வேலையில் இறங்கப் போகிறவருக்கு இது நிச்சயம் உதவும்.

கணினியும் உடையவரும்

செயலி, இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை. 2013-இல் வெளிவந்த வரிசை, நான்கு கோர்கள். ரேம் 4 ஜிபி, ஒரே துண்டு, பக்கத்துச் செருகிடம் காலி. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7. கணினி வாங்கியது 2014-இல். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், கட்டுரைகள், பேஜ்மேக்கரில் அவரே பக்கம் அமைத்த நான்கு சிறு நூல்கள் என்று ஏறத்தாழ மூவாயிரம் கோப்புகள். அவற்றுள் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் அவருக்கு. விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பார்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. குரோம் உலாவியோ 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. வங்கித் தளம் திறக்காததற்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். அது பாதிதான் சரி.

காலையில் என்ன செய்வீர்கள்?

எதையும் தொடுவதற்கு முன்னால், “நீங்கள் வழக்கம்போலத் தொடங்குங்கள், நான் பார்க்கிறேன்” என்று சொல்லி அருகில் உட்கார்ந்தேன். ஆறு நாளில் நான் செய்த ஆகப் பயனுள்ள காரியம் இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

சுவரில் சுவிட்சைப் போட்டார், பொத்தானை அழுத்தினார், காத்திருந்தார். மூன்றரை நிமிடம் கழித்துத் திரை வந்தது. வந்ததும் மவுஸை வலது கீழ் மூலைக்கு நகர்த்திக் கடிகாரத்தைச் சொடுக்கினார். 2013 என்று இருந்த ஆண்டை ஒவ்வொன்றாக ஏற்றி 2025 ஆக்கினார். பிறகு மாதம். பிறகு சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்துத் தேதி. அவர் முகத்தில் எந்தச் சலிப்பும் இல்லை. கதவைத் திறந்து வாசல் தெளிப்பதுபோல அன்றாட வேலையாகச் செய்தார்.

“ஏன் பெரியப்பா, தினமும் இப்படியா?”

“இரண்டு மூன்று வருஷமாக இப்படித்தான். இணையத்துக்குப் போக வேண்டுமென்றால் தேதி வைத்தாக வேண்டும். வெறும் எழுத்து வேலை என்றால் வைப்பதில்லை.”

மதர்போர்டில் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும்; சிஆர்2032 என்பது அதன் வகை. கணினிக்கு மின்சாரம் வராத நேரத்தில் உள்கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. சுவர் சுவிட்ச் அணையாமல் இருந்தால் அந்த மின்சாரத்திலேயே கடிகாரம் ஓடிவிடும். பேட்டரி செத்தது தெரியவே தெரியாது. பெரியப்பா ஒவ்வோர் இரவும் சுவர் சுவிட்சையும் அணைப்பவர். ஆகவே ஒவ்வொரு காலையும் கணினி தன் தொடக்க நாளுக்கே, 2013 ஜனவரி 1-க்கே, திரும்பிப் போயிருக்கிறது. மல்டிமீட்டரில் அளந்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.1 காட்டியது.

இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்ற வரையறை உண்டு. 2013-இல் நிற்கும் கணினிக்கு அவை எல்லாமே இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். அதனால்தான் உலாவி கதவைச் சாத்தியது. தேதி தவறாக இருந்திருந்தால் புதிய இயங்குதளத்திலும் இதே கதைதான் நடந்திருக்கும். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளைகூட, ‘இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று நின்றுவிடும். பேட்டரியை மாற்றினேன். கடிகாரச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை, அது நான்காம் நாள் வேறு உருவில் திரும்பி வந்தது.

தேய்ந்த தட்டு

அடுத்து ஹார்ட் டிஸ்க். தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு எல்லாத் தட்டிலும் உண்டு. அதில் நான் முதலில் பார்ப்பது இரண்டு வரிகளை: பழுதாகி மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள் (தட்டில் தகவல் பதியும் சிறு துண்டுகள்) எத்தனை, படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் இருக்கும் செக்டர்கள் எத்தனை. இங்கே மாற்றப்பட்டவை 40, நிலுவையில் 16.

மாற்றப்பட்டவை முடிந்துபோன கதை. நிலுவையில் இருப்பவைதான் கவலை தருபவை. அங்கே ஏதோ ஒரு கோப்பின் துண்டு இருக்கிறது, தட்டால் அதைப் படிக்க முடியவில்லை என்று பொருள். இந்த நிலையில் இருக்கும் தட்டின்மேல் புதிய இயங்குதளத்தை நேரடியாக ஏற்றுவது பெருங்குற்றம். பல ஜிபி அளவுக்குப் படிப்பும் எழுத்தும் ஒரே மூச்சில் நடக்கும். பலவீனமான தட்டு அதைத் தாங்காமல் நடுவழியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

ஆகவே முதல் வேலை முழுத் தட்டையும் அப்படியே நகலெடுப்பது. அதற்கு டிடிரெஸ்கியூ என்ற கருவியைப் பயன்படுத்தினேன். சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டி நிற்கும். இது முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, எங்கே தவறியது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, கடைசியில்தான் கெட்ட இடங்களுக்குத் திரும்பும். சாகக் கிடக்கும் தட்டிடம் இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் ஓடியது. கிடைக்காமல் போனது 8,192 பைட் மட்டுமே. அந்த இடங்கள் விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்குள் விழுந்திருந்தன. பெரியப்பாவின் எழுத்தில் ஒரு வரிகூடப் போகவில்லை.

வேகக் குறைவுக்கும் விடை இங்கேயே இருந்தது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய துண்டுகளைக் கேட்டால் விநாடிக்கு நூறு துண்டு கிடைத்தால் அதிகம். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம், சாதாரணமானதுகூட, அதே நேரத்தில் பல்லாயிரம் துண்டுகளைத் தந்துவிடும். இந்தச் செயலி இன்றைக்கும் எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் தாராளமாகப் போதும். மெதுவாக இருந்தது தட்டுதான். எஸ்எஸ்டி ஒன்றும், காலிச் செருகிடத்துக்கு இன்னொரு 4 ஜிபி ரேமும் போடுவதென்று முடிவாயிற்று.

எதை ஏற்றுவது?

பெரியப்பா கேட்டது விண்டோஸ். அவர் கேட்டதைக் கொடுக்க முடியுமா என்று நேர்மையாகவே பார்த்தேன்.

விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குப் பிறகு இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் நம்பகமான மென்பொருளை மட்டுமே துவக்க விடும் செக்யூர் பூட் வசதியையும் கேட்கிறது. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதன் பட்டியலில் இடம். நான்காம் தலைமுறைக்கு அங்கே இடமே இல்லை. சோதனையைத் தாண்டிக் குதிக்க வழிகள் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. என் சொந்தக் கணினியில் அந்தத் துணிச்சலைக் காட்டலாம். எழுபது வயதுக்காரர் ஒருவர் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் காட்டக் கூடாது.

மிஞ்சியது லினக்ஸ். லினக்ஸின் ஒரு வகையான மின்ட் 22 வரிசை, இன்னொரு வகையான உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது; 2029 வரை திருத்தங்கள் உண்டு; 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 இருந்தால் நல்லது என்பார்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டலாம் என்பதால் பெரியப்பாவை அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். வங்கித் தளம் திறந்தது. வீடியோ ஓடியது. “பட்டன்கள் இடம் மாறியிருக்கின்றன, வேறொன்றும் இல்லையே” என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன்.

பழையதை மூடுவதற்கு முன் ஒரு கடைசி வேலை இருந்தது. பேஜ்மேக்கர் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் அந்தக் கோப்புகளை ஓரளவு திறக்கும். ஆனால் பக்க அமைப்பு அப்படியே வரும் என்று நம்ப முடியாது. முழு நகல் கையில் இருந்ததால், பழைய தட்டை இணையமில்லாமல் ஒரே ஒரு முறை எழுப்பினேன். விண்டோஸ் 7-இல் பிடிஎஃப் ஆக அச்சிடும் வசதி உடன் வராது. சிறு மென்பொருள் ஒன்றை நிறுவி, நான்கு நூல்களையும் எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்கினேன். பழைய இயங்குதளம் உயிரோடு இருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். மறந்தால் பிறகு அந்தப் பக்கங்களை யாராலும் அப்படியே மீட்க முடியாது.

நிறுவல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணினியைத் துவக்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் பழைய துவக்க முறையிலிருந்து யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினேன், புதிய எஸ்எஸ்டியில் மின்டை நிறுவினேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து அரை நிமிடத்துக்குள் திரை தயாராக நின்றது.

நான்காம் நாள்

ஹார்ட் டிஸ்க்கின் நகலிலிருந்து கோப்புகளை எடுத்துப் புதிய இடத்தில் வைத்தேன். பெரியப்பாவிடம் மூன்று பென் டிரைவ்களும் இருந்தன. காப்புக்காக அவ்வப்போது அவற்றில் நகல் வைப்பார். சில நாள் அவற்றிலேயே திறந்து எழுதுவதும் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க, ஒரே பெயரில் இரண்டு இருந்தால் புதிய தேதி கொண்டது நிற்கட்டும் என்ற விதியைக் கொடுத்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டினேன். எல்லாரும் செய்வதுதான்.

மறுநாள் காலை ஒரு கட்டுரையைத் திறந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். “இது பழைய படி. நான்காம் பத்தியை நான் முழுவதுமாக மாற்றி எழுதினேனே” என்றார்.

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. நகலில் இருந்த கோப்பைப் போய்ப் பார்த்தேன். தேதி: 2013 ஜனவரி 1. அதே தேதியில் 212 கோப்புகள் இருந்தன. கணினி வாங்கியதே 2014-இல். இணையத்துக்குப் போகாத நாட்களில் அவர் தேதி வைப்பதில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் கேட்டும் இருந்தேன். அந்த நாட்களில் அவர் எழுதிய ஒவ்வொன்றும் 2013-இன் முத்திரையோடு சேமிக்கப்பட்டிருக்கிறது. என் விதி, போன வருடம் திருத்திய படியைப் பழையது என்று தள்ளிவிட்டு, 2021-இல் பென் டிரைவில் போட்ட படியை மேலே வைத்துவிட்டது.

நகல் இருந்ததால் எதுவும் அழியவில்லை. ஆனால் எது புதியது என்று இனி எதை வைத்துச் சொல்வது? முதலில் உள்ளடக்கத்திலிருந்து செக்சம் என்ற அடையாள எண்ணைக் கணக்கிட்டு ஒரே மாதிரியானவற்றை ஒதுக்கினேன். உண்மையில் வேறுபட்டவை 57 இணைகள். வேர்ட் கோப்புகளின் பண்புகளில் திருத்த எண் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது ஒன்று கூடும். கடிகாரம் பொய் சொல்லலாம், இந்த எண் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. பென் டிரைவில் இருந்தவை அப்படியே நகலெடுக்கப்பட்டவை என்பதால் இரண்டு படிகளின் எண்களையும் ஒப்பிட முடிந்தது. ஒன்றில் 14, மற்றதில் 23 என்றால் 23-ஐ எடுத்து, திறந்து ஒருமுறை பார்த்துக்கொண்டோம். 49 இணைகள் இப்படித் தீர்ந்தன. மற்ற எட்டிலும் இரண்டு படிகளுமே தனித்தனியாகத் திருத்தப்பட்டிருந்தன. அவற்றை அச்சிட்டு மேசையில் பக்கத்தில் பக்கமாக வைத்து, பென்சிலோடு பெரியப்பாவே உட்கார்ந்தார்.

எழுத்துகள்

லிப்ரே ஆஃபிஸில் முதல் பாமினிக் கோப்பைத் திறந்தபோது, ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பாமினியின் இயல்பே அதுதான். கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. போர்வை இல்லாத கணினியில் உள்ளிருப்பது தெரிந்துவிடும். பழைய தட்டின் நகலிலிருந்து எழுத்துருக் கோப்புகளை எடுத்து அவருடைய எழுத்துருக் கோப்புறையில் வைத்ததும் பாமினிக் கோப்புகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தமிழாயின. அவசரத்துக்கு இது போதும்.

எனக்கு அது போதவில்லை. இத்தனை ஆண்டு உழைப்பு ஓர் எழுத்துருக் கோப்பை நம்பி நிற்பது சரியில்லை. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்ற முனைந்தேன். பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்றாக இருக்கும். யூனிகோடில் க முதலில், பின்னால் ஒகரக் குறி ஒன்றாக. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் வராது, இடமும் மாற்ற வேண்டும். வினாத்தாள்களில் நடுவே உண்மையான ஆங்கில வரிகளும் உண்டு. முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டால் அவை உளறலாகிவிடும். எழுத்துருப் பெயர் பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் தொடும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். நன்றாகவே வேலை செய்தது, அப்படித்தான் நினைத்தோம்.

பெரியப்பா ஒரு கோப்பில் ‘ஆசிரியர்’ என்று தேடினார். எதுவும் கிடைக்கவில்லை. சொல்லோ திரையில் கண்ணெதிரே இருந்தது. திரையை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். வித்தியாசம் தெரியவில்லை. எழுத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பாமினியில் ‘ர்’ அடிக்க, கால் வடிவத்தின்மேல் புள்ளி வைப்பார்கள். வடிவம் ஒன்றுதான் என்பதால் யாருக்கும் தெரியாது. என் நிரல் அதைக் காலும் புள்ளியுமாகவே யூனிகோடுக்குக் கொண்டுபோயிருந்தது. பார்வைக்கு ‘ர்’, கணினிக்கு ‘ா’வும் புள்ளியும். இணையத்தில் இன்றும் ஏராளமான தமிழ்ப் பக்கங்களில் ‘அவர்கள்’ இப்படித்தான் கெட்டுக் கிடக்கிறது. எந்தத் தேடலிலும் அது சிக்காது. தமிழை நேசிப்பவர்கள் மாற்றிகளை எழுதும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. தமிழில் காலின்மேல் புள்ளி வர வாய்ப்பே இல்லை என்பதால் திருத்தம் எளிது. அந்த இணையை எங்கே கண்டாலும் ‘ர்’ ஆக்கிவிட வேண்டியதுதான்.

அச்சுப்பொறி பற்றிப் பயந்திருந்தேன். அதன் நிறுவனம் விண்டோஸ் 7-க்குப் பிறகு மென்பொருள் தரவே இல்லை. மின்டில் கம்பியைச் செருகியதும் தானாகப் பட்டியலில் வந்தது. விசைப்பலகைக்கு, பழைய தட்டச்சு அமைப்பையே யூனிகோடில் தரும் உள்ளீட்டு முறை எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பில் கிடைத்தது. முதல் நாள் சில குறியீடுகள் இடம் மாறியிருப்பதாகச் சொன்னார், மூன்றாம் நாள் சொல்லவில்லை. வராமலே போனது பேஜ்மேக்கர் ஒன்றுதான். அந்த நான்கு நூல்களும் பிடிஎஃப் ஆகப் பார்க்கவும் அச்சிடவும் உண்டு; திருத்த வேண்டுமானால் பக்கங்களைப் புதிதாக அமைக்க வேண்டும். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்காமல் உறையிலிட்டு, தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோம். நகலின் இன்னொரு படி என்னிடம்.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். சுவர் சுவிட்சை இன்னும் இரவில் அணைக்கிறாராம், காலையில் தேதி சரியாகவே இருக்கிறதாம். ஆனால் அழைத்தது அதற்காக இல்லை. கோப்புறையில் ‘உள்ளுறை’ என்று தேடியிருக்கிறார். தொலைந்துவிட்டது என்று அவர் விட்டுவிட்ட ஒரு கட்டுரை, சம்பந்தமே இல்லாத பெயரில், ஒரு வினாத்தாளின் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். “முதல் வரியைப் படிக்கிறேன், கேள்” என்றார். அரை மணி நேரம் கேட்டேன்.